மேசைக் கணினிச் சிப்செட் போட்ட லேப்டாப்: 44 வாட்டிலிருந்து 26 வாட்டுக்கு

போன வியாழக்கிழமை கோவைப் பக்கத்து அரசூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பம்ப் உறை ஒன்றின் அச்சுக்குள் உலோகம் எப்படிப் பாய்கிறது என்பதைத் திரையில் காட்டி, ரைசர் (உலோகம் இறுகிச் சுருங்கும் இடத்தை நிரப்பும் சேமிப்புக் குழி) எங்கே வைக்கலாம் என்று பேசி, திருத்தம் எழுதி, லேப்டாப்பை மூடியபோது பேட்டரியில் இன்னும் 10 சதவீதம் இருந்தது. ஆறு வாரத்துக்கு முன் இதே மேசையில், இதே லேப்டாப், ஒன்றேகால் மணி நேரத்தில் அணைந்துபோனது. பேட்டரியை மாற்றவில்லை. நடுவில் என்ன செய்தேன், எங்கே பணத்தைத் தவறாகப் போட்டேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பட்டறையில்தான் பிளக் பாயின்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். இண்டக்ஷன் பர்னஸும் வெல்டிங்கும் ஓடும் லைனில், வேலை முழுவதும் இருக்கும் லேப்டாப்பைச் செருக எனக்கு மனசு வராது. அதனால் பேட்டரி எனக்கு முக்கியம்.

லேப்டாப்பைப் பற்றி முதலில். காந்திபுரத்தில் ஒரு கடையில் பழையதாக வாங்கியது. 17 அங்குலத் திரை, குவாட்ரோ எம்3000எம் கிராபிக்ஸ், 32 ஜிபி மெமரி, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். பிராசசர் ஐ7-6700கே. லேப்டாப்புக்கான பிராசசர் அல்ல, மேசைக் கணினியில் போடும் 91 வாட் பிராசசர், எல்ஜிஏ1151 சாக்கெட்டில் கழற்றி மாட்டும்படி. அதற்குத் துணையாகப் போர்டில் இருப்பதும் மேசைக் கணினியின் இசட்170 சிப்செட், அதாவது பிராசசரை டிஸ்க், யுஎஸ்பி போன்றவற்றோடு இணைக்கும் சில்லு. விற்றவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டியபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டெஸ்க்டாப்பையே மடிச்சு உள்ள வெச்சிருக்கான் தம்பி. கரண்ட்டுல செருகி வெச்சா யானை மாதிரி வேலை செய்யும். பேட்டரில மட்டும் நம்பாதீங்க."

இப்படி ஒரு லேப்டாப்பை ஏன் செய்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறை வரை லேப்டாப் பிராசசர்களிலும் சாக்கெட்டில் உட்காரும் வகை இருந்தது. அதற்கப்புறம் எல்லாமே போர்டோடு சாலிடர் ஆகிவிட்டன. கழற்றி மாற்ற வேண்டும், கே வகையின் (வேக வரம்பைப் பூட்டாத பிராசசர்) முழு வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு மேசைக் கணினிப் பிராசசரும் சிப்செட்டும்தான் மிச்ச வழி. இதற்கு முன்பே, 2009 வாக்கில், கிளெவோ டி900எஃப் என்ற லேப்டாப்பில் எக்ஸ்58 சிப்செட்டையே வைத்தார்கள். அதன் முக்கியச் சில்லு மட்டும் 24 வாட் கணக்கு, பிராசசர் 130 வாட். அதோடு ஒப்பிட்டால் என்னுடையது சாது.

இசட்170 சிப்செட்டின் டிடிபி, அதாவது முழு வேலையில் வெளிவிடும் சூட்டுக்கான கணக்கு, 6 வாட். அதே தலைமுறையில் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்புகளுக்கென்றே வந்த சிஎம்236 சிப்செட்டுக்கு 3.67 வாட். சாதாரண லேப்டாப்புக்கான எச்எம்170க்கு 2.6 வாட். சிஎம்236 இருந்தால் ஜியானோடு (இன்டெலின் சர்வர் வகைப் பிராசசர்) சேர்த்து ஈசிசி மெமரியும் (பிழையைத் தானே திருத்துவது) போடலாம். இசட்170இல் அது முடியாது, ஆனால் கே பிராசசரின் மல்டிபிளையரைத் திறந்து வேகத்தைக் கூட்டலாம். காகிதத்தில் இதுதான் வித்தியாசம். இந்த எண்களை வைத்துத்தான் நான் முதலில் தப்பாகக் கணக்குப் போட்டேன்.

அளக்காமல் எதையும் தொடக்கூடாது என்று முதலில் ஒரு பிளக் மீட்டர் வாங்கினேன், 890 ரூபாய். சுவரில் இழுக்கும் வாட்டை அது காட்டும். பேட்டரியில் ஓடும்போது பேட்டரியே எத்தனை வாட் போகிறது என்று சொல்லும். லினக்ஸில் பவர்டாப் என்ற நிரல் அதைப் படித்துக் காட்டும். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி இது: பூட் ஆனபிறகு பத்து நிமிடம் விடுவது, வைஃபை ஆன், வேறு எதையும் திறக்காமல் நிமிடத்துக்கு ஒரு முறை என ஐந்து முறை எண்ணைக் குறித்துச் சராசரி எடுப்பது. நோட்டில் முதல் வரி: முழு வெளிச்சத்தில் சும்மா இருக்கும்போது 44.6 வாட். வரைபடம் ஒன்றைத் திறந்து லேசான வேலை செய்தால் 57. பேட்டரி புதிதில் 82 வாட்-மணி, இப்போது முழுசாக ஏற்றினால் 71. 71ஐ 57ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். பட்டறையில் நடந்தது அப்படியே எண்ணில் வந்து நின்றது.

91 வாட் பிராசசர்தான் குடிக்கிறது என்று முடிவு கட்டினேன். குறைந்த வாட் பிராசசர் ஒன்றைப் போட்டால் பாதி தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அதே எல்ஜிஏ1151 சாக்கெட்டில் வருவது ஜியான் இ3-1240எல் வி5. நான்கு கோர், எட்டு திரெட், டிடிபி வெறும் 25 வாட். உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. என் லேப்டாப்பில் திரை நேரடியாக குவாட்ரோவோடு இணைக்கப்பட்டிருப்பதால் அது தேவையும் இல்லை. பழையதாக 4,300 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று எண் குத்திய நான்கு ஸ்க்ரூ. தளர்த்தும்போது 4இலிருந்து திரும்பி வர வேண்டும், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக. பழைய பேஸ்ட் காய்ந்து பிராசசரோடு ஒட்டியிருந்தது. அப்படியே இழுக்காமல் பத்து நிமிடம் லேப்டாப்பை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பிறகு லேசாகத் திருகியபடி எடுத்தேன். ஜியானை வைத்தேன். முள் 1இன் முக்கோணம் சரி, காடிகள் சரி. மூடிப் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், பயாஸ் (கணினியைத் தொடக்கும் நிரல்) பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

காரணம் சாக்கெட்டில் இல்லை, சிப்செட்டில் இருந்தது. ஸ்கைலேக் தலைமுறையில், அதாவது என் 6700கேயின் தலைமுறையில், இ3 வி5 ஜியான்களை இன்டெல் சி230 வரிசைச் சிப்செட்டுகளோடு கட்டிப்போட்டுவிட்டது. சி232, சி236 இருந்தால் ஓடும். இசட்170இல் ஓடாது. முந்தைய ஹாஸ்வெல் காலத்தில் இ3 ஜியானைச் சாதாரணப் போர்டில் போட்டு ஓட்டியவர்கள் நிறையப் பேர், அந்த நினைப்பிலேயே வாங்கிவிட்டேன். சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதாது, சிப்செட்டின் பெயரையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிராசசர் வாங்க வேண்டும். வாங்கிய இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஐ7-6700டி. 35 வாட், 2.8 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6 வரை. விலை 5,400. இதுவும் 6700கேயும் ஒரே சில்லுதான், வரம்புகள்தான் வேறு. மாட்டியதும் முதல் தடவையிலேயே பூட் ஆனது. பத்து நிமிடம் காத்திருந்து ஐந்து எண்களையும் எழுதிச் சராசரி எடுத்தேன்.

44.2 வாட்.

91 வாட் பிராசசரை எடுத்துவிட்டு 35 வாட் பிராசசரை வைத்ததற்குக் கிடைத்தது 0.4 வாட். முழுச் சுமையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. வார்ப்படக் கணக்கு (உலோகப் பாய்வின் சிமுலேஷன்) ஒன்றை ஓட்டினால் கேயில் 48 நிமிடம், சுவரில் 142 வாட். டியில் 61 நிமிடம், 86 வாட். அந்தக் கணக்குக்கு ஆன மொத்த மின்சாரம் 114 வாட்-மணியிலிருந்து 87க்கு இறங்கியது. ஆனால் பட்டறையில் நான் கணக்கு ஓட்டுவதில்லை. முடிந்த கணக்கைத் திறந்து சுழற்றிக் காட்டுகிறேன், பேசுகிறேன், எழுதுகிறேன். முக்கால்வாசி நேரம் பிராசசர் சும்மாதான் இருக்கிறது. சும்மா இருக்கும்போது டிடிபி எண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை.

அப்புறம்தான் பவர்டாப்பில் நான் பார்க்காமல் விட்ட பக்கத்தைத் திறந்தேன். கோர்கள் எவ்வளவு தூங்குகின்றன, மொத்தப் பேக்கேஜும் (கோர்கள் உட்பட முழுப் பிராசசர்) எவ்வளவு தூங்குகிறது என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். நிலையின் எண் கூடக் கூடத் தூக்கம் ஆழம். கோர்கள் பக்கம் சி7 நிலையில் 96 சதவீதம், நன்றாகத் தூங்குகின்றன. பேக்கேஜ் பக்கத்தில் பிசி2 மட்டும் 80 சதவீதத்துக்கு மேல். பிசி3 சுழி, பிசி6 சுழி, அதற்குக் கீழே எல்லாம் சுழி. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், ஆனால் யாரோ ஒருவருக்காக வாசல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்பது போல. யார் அந்த ஒருவர் என்று தேடுவதுதான் அடுத்த இரண்டு வார வேலையாக இருந்தது.

அதற்கு முன் வேறு ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. பிராசசரை மாற்றக் கழற்றியபோதே சிப்செட்டின் மேல் இருந்த தெர்மல் பேட் எண்ணெய் கக்கி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. லினக்ஸில் சிப்செட்டின் சூட்டைத் தனியாகப் படிக்கலாம், சென்சார் பட்டியலில் ஸ்கைலேக் பிசிஎச் (சிப்செட்டின் இன்னொரு பெயர்) என்று வரும். சும்மா இருக்கும்போதே 81 டிகிரி. மேசைக் கணினியில் இந்தச் சிப்செட்டுக்குத் தனியாக ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், காற்றும் வரும். இங்கே ஏறக்குறைய 23 மி.மீ. சதுரச் சில்லு, கீபோர்டுக்கு அடியில், பிராசசர் ஹீட்சிங்க்கிலிருந்து நீண்டு வரும் ஒரு செம்புத் தகட்டின் கீழ் இருக்கிறது. நடுவே அந்தப் பேட் மட்டும்தான் பாலம்.

பழைய பேட்டை வெர்னியரில் அளந்தேன், 0.8 மி.மீ. நசுங்கியது போக 0.8 என்றால் புதிதில் கூடுதலாக இருந்திருக்கும் என்று 1.5 மி.மீ. பேட் வாங்கினேன், 450 ரூபாய். சிப்செட் 55 டிகிரிக்கு வந்துவிட்டது. ஆனால் கணக்கு ஓட்டியபோது பிராசசர் 97 டிகிரி போனது. 35 வாட் பிராசசருக்கு 97 என்பது நடக்கவே கூடாதது. திரும்பக் கழற்றிப் பார்த்தால் பிராசசர் மேல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் நசுங்கியிருந்தது, எதிர் ஓரத்தில் நான் தடவியது தடவியபடியே இருந்தது. தடித்த பேட், தகட்டை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டிருக்கிறது. ஒரே தகடு இரண்டு சில்லுகளை மூடும்போது பேட்டின் தடிமன் அரை மி.மீ. தவறினாலும் மற்றது பாதிக்கும்.

1 மி.மீ. பேட் இன்னொரு 450. இந்த முறை மாட்டியபின் உடனே ஒரு தடவை கழற்றிப் பேஸ்ட் பரவியிருக்கும் விதத்தைப் பார்த்து, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். சிப்செட் 58, பிராசசர் முழுச் சுமையில் 64. ஃபேன் தூசையும் பிரஷ்ஷால் எடுத்தேன். இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், இல்லையென்றால் பேரிங் போய்விடும். ஃபேன் வேகம் இறங்கியதால் 44.2 என்பது 43.3 ஆனது. பெரிய லாபம் இல்லை, ஆனால் இந்தச் சூட்டில் சிப்செட்டை இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் போர்டே போயிருக்கலாம்.

இப்போது அந்த வாசல் விளக்கு. இந்த லேப்டாப்பில் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், வைஃபை, கார்டு ரீடர், யுஎஸ்பி எல்லாமே இசட்170 வழியாகத்தான் போகின்றன. சிப்செட்டும் பிராசசரும் டிஎம்ஐ என்ற இணைப்பில் பேசிக்கொள்கின்றன. இந்த இணைப்புகளில் ஏதாவது ஒன்று விழித்திருந்தாலும் பேக்கேஜ் ஆழமாகத் தூங்க முடியாது. லேப்டாப்புக்கென்று வடிவமைத்த போர்டில் பயாஸ் எழுதுபவர் இதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார், ஏனென்றால் பேட்டரிதான் அங்கே விற்பனை. மேசைக் கணினிச் சிப்செட்டோடு வரும் பயாஸில் இணைப்புகளைத் தூங்கவிடும் ஏஎஸ்பிஎம் பெரும்பாலும் அணைத்தே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான். பிசிஐ கருவிகளின் பட்டியலை விரிவாக எடுத்துப் பார்த்தால் எல்லா வரியிலும் ஏஎஸ்பிஎம் அணைக்கப்பட்டுள்ளது என்றே இருந்தது.

முதலில் சாட்டா, ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் இணைப்பு. லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) 4.15இலிருந்து சாட்டா இணைப்புக்கு மிதமான மின்சேமிப்பு நிலை ஒன்று இருக்கிறது, டிஐபிஎம் (டிஸ்க் தானே இணைப்பைத் தூங்க வைப்பது) சேர்ந்த மீடியம் பவர். அதைத்தான் போட்டேன். அதைவிடக் கடுமையான மினிமம் பவர் நிலையும் உண்டு, சில டிஸ்க்குகளில் அது தகவலையே கெடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் வரைபடங்கள் இருக்கும் டிஸ்க்கில் நான் அதைத் தொட மாட்டேன். 43.3 என்பது 42.1 ஆனது. பிசி2 அசையவில்லை.

பிறகு ஏஎஸ்பிஎம்மைக் கெர்னல் வழியாகக் கட்டாயமாக இயக்கினேன். பயாஸ் வேண்டாம் என்றாலும் நான் செய்கிறேன் என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு அமைப்பு அது. உடனே 38க்கு வந்தது. சந்தோஷமாக ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் எதையும் சேமிக்க முடியவில்லை, கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருந்தது. பதிவுகளைப் பார்த்தால் என்விஎம்இ எஸ்எஸ்டி தூங்கப் போனது எழுந்திருக்கவே இல்லை. இருபது நிமிடத்துக்கு முன் எடுத்த பேக்கப் இருந்ததால் ஒன்றும் போகவில்லை. இந்த வேலையைச் செய்பவர்கள் ஏஎஸ்பிஎம்மைத் தொடும் முன் முழு பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

தீர்வு எளிதுதான், கண்டுபிடிக்கத்தான் நாளானது. எஸ்எஸ்டிக்குத் தன்னுடைய தூக்க நிலைகள் தனியாக உண்டு. மிக ஆழமான நிலையிலிருந்து எழ அதற்கு நேரம் பிடிக்கும். எழ 5,500 மைக்ரோ செகண்டுக்கு மேல் எடுக்கும் நிலைக்குப் போகாதே என்று கெர்னலில் வரம்பு வைத்தேன். கடைசி ஆழம் மட்டும் அடைபட்டது, மற்றவை திறந்தே இருக்கின்றன. ஐந்து வாரம் ஆகிறது, ஒரு முறைகூட எஸ்எஸ்டி தொலையவில்லை.

அதன் பின்னும் பிசி6 வரவில்லை. பிசி3 மட்டும் கொஞ்சம் வந்தது. கருவிகளை ஒவ்வொன்றாகப் பயாஸில் அணைத்து, பூட் செய்து, பத்து நிமிடம் விட்டு, பார்த்தேன். நெட்வொர்க் இல்லை. வைஃபை இல்லை. கேமரா இல்லை. நான்காவது நாள் கார்டு ரீடரை அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் பிசி3 30 சதவீதம், பிசி6 45 சதவீதம். மெமரி கார்டே செருகாத, நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தாத ஒரு சின்னக் கருவி. அது தன் இணைப்பைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்து, அதன் வழியாகச் சிப்செட்டையும், சிப்செட் வழியாகப் பிராசசரையும் விழிக்க வைத்திருந்தது. நோட்டில் அன்றைய வரி: 36.9 வாட். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அடுத்தது உண்மையில் முதலில் பார்த்திருக்க வேண்டியது. குவாட்ரோவின் டிரைவர் அமைப்பில் பவர்மைசர் என்ற பக்கம். முந்தைய உரிமையாளரின் பழக்கத்தை அப்படியே நானும் பிடித்து, எப்போதும் அதிகபட்ச வேகம் என்று வைத்திருந்தேன். அடாப்டிவ் என்று மாற்ற ஒரு கிளிக். 36.9 என்பது 30.8 ஆனது. வரைபடத்தைச் சுழற்றும்போது கார்டு வேகமெடுக்கிறது, கையை எடுத்தால் இறங்குகிறது, கண்ணுக்கு எந்தத் தயக்கமும் தெரியவில்லை. ஆறு வாட், செலவு ஒன்றுமில்லை.

கார்டை முழுதாக அணைத்துவிட்டுப் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓட்ட முடிந்தால் இன்னும் இறங்கும். சாதாரண லேப்டாப்புகளில் அது தானாக நடக்கும். என்னுடையதில் திரையின் வயர் நேராகக் குவாட்ரோவுக்குப் போகிறது, நடுவில் மாற்றுவழி கிடையாது. மேசைக் கணினியில் மானிட்டரைக் கார்டில் செருகுவது போலவே இங்கும். இதை மென்பொருளால் மாற்ற வழியில்லை. என் கணிப்பில், இந்த வகை லேப்டாப்பில் பேட்டரிக்குப் பெரிய எதிரி சிப்செட்டின் 6 வாட் அல்ல, இந்த ஒரு வயர்தான். சிஎம்236க்கும் இசட்170க்கும் உள்ள டிடிபி வித்தியாசம் 2.33 வாட். தொடக்கத்தில் இழுத்த 44.6இல் அது இருபதில் ஒரு பங்கு. சிப்செட்டோடு கூடவே வரும் மேசைக் கணினிப் பழக்கங்கள், அதாவது தூங்காத இணைப்புகள், நேர் வயர் போட்ட திரை, எப்போதும் பிளக்கில் இருக்கும் என்ற நினைப்பில் எழுதிய பயாஸ், இவைதான் மீதியைத் தின்றன.

திரை வெளிச்சத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினேன். 3.8 வாட் குறைந்தது. பட்டறைக்குள் வெயில் விழாத மூலையில் உட்கார்ந்தால் 40 போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அது 1.1 வாட். மொத்தம் இப்போது 25.9 வாட். வேலை செய்யும்போது 32. 71ஐ 32ஆல் வகுத்தால் இரண்டு மணி பதிமூன்று நிமிடம்.

சரி, சும்மா இருக்கும்போது பிராசசர் எதுவானாலும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மெதுவான 6700டியை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்? கேயைத் திரும்ப மாட்டினேன். 26.2 வாட். 0.3 வாட்டுக்காகக் கணக்கு ஒவ்வொன்றிலும் 13 நிமிடம் காத்திருக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது மட்டும் பிராசசருக்கு 35 வாட் வரம்பு விழும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். லினக்ஸில் பவர்கேப் என்ற வசதி வழியாக அந்த எண்ணை எழுதலாம், அடாப்டரைச் செருகினால் 91, பிடுங்கினால் 35. அந்த வரம்போடு அதே வார்ப்படக் கணக்கு 62 நிமிடம் எடுத்தது. 6700டி எடுத்ததைவிட ஒரு நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய 35 வாட் பிராசசரை ஒரு எண்ணை மாற்றியே செய்துகொண்டிருக்கலாம்.

கே திரும்ப வந்ததும் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கினேன். 10 மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் கணக்கு ஓட்டினேன். மைனஸ் 100இல் கணக்கு நடுவில் நின்றுவிட்டது. மைனஸ் 90 தாங்கியது, ஆனால் பாதுகாப்புக்காக மைனஸ் 80இல் விட்டேன். முழுச் சுமையில் சுவரில் 142 வாட் என்பது 128 ஆனது, சூடு 7 டிகிரி குறைந்தது. பேட்டரிக்கு இதனால் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு எச்சரிக்கை: 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின் வந்த பயாஸ் அப்டேட்டுகள் இந்த வசதியைப் பூட்டிவிடுகின்றன. என் லேப்டாப்பில் பழைய பயாஸ் இருந்ததால்தான் முடிந்தது. பூட்டுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் கணினி என்றால் அப்டேட்டைப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுவதே சரி.

செலவு: ஜியான் 4,300, 6700டி 5,400, இரண்டு பேட் 900, பேஸ்ட் 380, பிளக் மீட்டர் 890. மொத்தம் 11,870. 6700டியை 4,600க்கு விற்றுவிட்டேன். உண்மையில் தேவைப்பட்டது மீட்டரும், ஒரு 1 மி.மீ. பேட்டும், பேஸ்ட்டும் மட்டும், 1,720 ரூபாய். மீதி லாபம் முழுவதும் அமைப்புகளை மாற்றியதில் வந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு லேப்டாப் வாங்கப் போனால் பையில் ஒரு லினக்ஸ் பென் டிரைவ் எடுத்துப் போவேன். கடையிலேயே பூட் செய்து, அடாப்டரைப் பிடுங்கி, பத்து நிமிடம் பவர்டாப்பைப் பார்ப்பேன். பேக்கேஜ் பிசி2இலேயே நிற்கிறதா, சும்மா இருக்கும்போது எத்தனை வாட், திரை எந்தக் கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறது, இந்த மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும். இப்போது வரும் இன்டெல் எச்எக்ஸ் வகைப் பிராசசர் லேப்டாப்புகளுக்கும் இதே கேள்விகள்தான். அவையும் மேசைக் கணினிச் சில்லைச் சாலிடர் செய்து, தனிச் சிப்செட்டோடு வருபவைதான், அடிப்படை வாட்டே 55. ஆனால் அவற்றில் பலவற்றில் திரையின் இணைப்பை ஒரு கிராபிக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறது. நான் அதைத்தான் முதலில் கேட்பேன், சிப்செட் பெயரை அப்புறம் கேட்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி. லேப்டாப்பை மூடித் தூங்க வைத்தால் இரவு 9 மணி நேரத்தில் 17 வாட்-மணி போகிறது. மெமரி நான்கு சிறு துண்டுகளாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு 16 ஜிபி துண்டுகள் கிடைத்ததும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை அரசூர் போகும் நாளில் முந்தைய இரவே முழுசாக அணைத்துவிட்டுப் படுக்கிறேன்.